நான்கு அங்குலக் குழாயும் நழுவிப்போகும் ஆண்டுகளும்

கருக்குழாய் அடைப்பு: வேடந்தாங்கலிலிருந்து மாமல்லபுரக் கடற்கரை வரை ஒரு சிறப்புப் பார்வை

மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை. வேடந்தாங்கல் ஏரியின் நடுவே, இடுப்பளவு நீரில் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களின் உச்சிகளில் நத்தைகுத்தி நாரைகளும் கரண்டிவாயன்களும் இடம் போதாமல் ஒன்றையொன்று அலகால் விரட்டிக்கொண்டும், எங்கிருந்தோ சுள்ளி கொணர்ந்து கூட்டைச் செப்பனிட்டுக்கொண்டும் செய்கிற ஆரவாரம், கரையில் நிற்பவர்களின் பேச்சையே விழுங்கிவிடுகிறது. பறவைகளைச் சுடலாகாதென்று இவ்வூர் ஜனங்கள் முறையிட்டதை ஏற்று, 1798ஆம் ஆண்டில் செங்கல்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் அவர்களுடைய உரிமையைச் சாசனமாக எழுதிக் கொடுத்தார். அதற்கும் நெடுங்காலம் முன்பிருந்தே, குஞ்சு பொரிப்பதற்கென்று பறவைகள் நம்பி வரும் இடம் இது.

கரையோரத்துச் சிமெண்ட் பெஞ்சில் ஓர் இளம்பெண்ணும் அவள் கணவனும் அமர்ந்திருந்தார்கள். கூடையில் வேர்க்கடலை விற்கும் மூதாட்டி ஒருத்தி, காகிதத்தைச் சுருட்டிக் கடலையை அளந்து போட்டுக்கொண்டே, நம் நாட்டில் முன்பின் அறியாதவர்களும் கேட்கத் தயங்காத அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

"கல்யாணம் ஆயி எத்தினி வருசம் ஆச்சு கண்ணு?"

"அஞ்சாவது வருசம் நடக்குது பாட்டி."

"புள்ளைங்க?"

கணவன் சட்டென்று ஏரிப்பக்கம் திரும்பித் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டான். அந்தப் பெண்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "டியூபுல அடைப்புன்னு சொல்லிட்டாங்க பாட்டி. ரெண்டு பக்கமும்."

"அடைப்புன்னா எடுத்துட வேண்டியதுதானே! அதுக்குப் போயி ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு இருக்கே?"

மூதாட்டியின் கேள்வி நியாயமானது. மகப்பேறு வாய்க்காத தம்பதியர் பலரும், அவர்களைச் சூழ்ந்துள்ள உறவினரும், ஏன், கையில் மருத்துவ அறிக்கையை வைத்துக்கொண்டிருக்கும் படித்தவர்களுங்கூட இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அடைப்பென்றால் எடுத்துவிட வேண்டியதுதானே? சில சமயம் ஆம்; சில சமயம் இல்லை; சில சமயமோ அடைப்பே இல்லாத இடத்தில் அடைப்பென்று நினைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் கண்ணீர் விடுகிறோம்.

வெறும் துளையன்று

கருப்பையின் இரு மேல் மூலைகளிலிருந்தும் சினைப்பையை நோக்கி வளைந்து செல்லும் கருக்குழாய் ஒவ்வொன்றும் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமே உடையது. கருப்பைச் சுவரைக் கடந்து வரும் அதன் தொடக்கப் பகுதியின் உட்துளை ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. மறுமுனையோ விரல்களைப் போலப் பிரிந்து, மாதந்தோறும் சினைப்பையிலிருந்து வெளிப்படும் முட்டையை அள்ளி உள்ளே வாங்கிக்கொள்கிறது. வெளிப்பட்ட முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். அதற்குள் விந்தணு வந்து சேர்ந்து, குழாயின் அகன்ற பகுதியிலேயே கரு உண்டாகி, உட்புறத்து நுண்மயிர்களின் அசைவாலும் தசையின் மெல்லிய சுருக்கங்களாலும் நகர்த்தப்பட்டு, நாலைந்து நாட்களில் கருப்பையை வந்தடைகிறது.

ஆகவே குழாய் என்று நாம் சொல்வது, தண்ணீர் ஓடினால் போதும் என்றிருக்கும் வெறும் துளையன்று. அதன் உட்தோல் உயிர்ப்போடிருந்து ஒரு காரியத்தைச் செய்தாகவேண்டும். துளை திறந்திருந்தும் உட்தோல் வெந்து தழும்பாகிப் போயிருந்தால் அந்தக் குழாயால் பிரயோஜனம் இல்லை, சொல்லப்போனால், ஆபத்துங்கூட. மூதாட்டிக்குச் சொல்லவேண்டிய விடையில் பாதி இதில் அடங்கிவிட்டது.

பெண்களின் கருத்தரியாமைக்குக் காரணமானவற்றில் ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கருக்குழாய்க் கோளாறுகளைச் சேர்ந்தது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் கருத்தரியாமையை அனுபவிக்கிறார் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுச் சொல்லியிருப்பதை நினைத்தால், இது ஏதோ ஒரு வீட்டின் துர்ப்பாக்கியமென்று ஒதுக்கிவிடக்கூடியது அன்று என்பது விளங்கும்.

இருட்டறையில் பத்து நிமிஷம்

செங்கல்பட்டு நகரத்தின் ஸ்கேன் சென்டர் வாசல்களில் காலை வேளையில் நின்று பார்த்தால், வயிறு பெரிதாகி வந்திருக்கும் பெண்களுக்கு நடுவே, கையில் ஒரு பிளாஸ்டிக் உறையும் கண்ணில் கலக்கமுமாக, மாமியாரோ தாயோ உடன்வரக் காத்திருக்கும் பெண்களும் இருப்பார்கள். அவர்களில் சிலர் வந்திருப்பது 'டியூப் டெஸ்ட்' என்று வழங்கும் எச்.எஸ்.ஜி. பரிசோதனைக்கு.

எக்ஸ்ரே மேஜையின் மீது பெண்ணைக் கிடத்திக் கருப்பை வாயின் வழியே மெல்லிய குழல் ஒன்றைச் செலுத்தி, அயோடின் கலந்த திரவத்தைச் சில மில்லிலிட்டர் அளவுக்கு மெல்ல மெல்ல உள்ளே விடுகிறார்கள். அடிவயிற்றில் மாதவிடாய் வலியைப் போன்ற ஒரு பிடிப்பு. சிலருக்கு அது பல்லைக் கடித்துக்கொள்ளும்படியாகவும் இருக்கும். திரையிலே முதலில் கருப்பையின் உள்வெளி வெண்மையான முக்கோணமாகத் தோன்றுகிறது. பிறகு அதன் இரு மூலைகளிலிருந்தும் நூலினும் மெல்லிய இரண்டு கோடுகள் புறப்படுகின்றன. குழாய்கள் திறந்திருந்தால், அந்தக் கோடுகளின் நுனியிலிருந்து, சாம்பிராணிப் புகை அறையில் பரவுவதுபோல, மருந்து வயிற்றறைக்குள் சுருள் சுருளாகப் பரவும். அடைப்பிருந்தால் கோடு நடுவழியில் நின்றுபோகும். அல்லது நுனியில் உப்பி உருண்டு நிற்கும். எல்லாம் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிறது.

கோடு எந்த இடத்தில் நின்றது என்பதில்தான் விஷயமெல்லாம் இருக்கிறது. கருப்பையை ஒட்டிய தொடக்கத்திலேயே நின்றுவிட்டதென்றால், அது மெய்யான அடைப்பாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. அச்சத்தாலும் வலியாலும் அவ்விடத்துத் தசை இறுகிக்கொண்டாலும், சளி திரண்டு நின்றாலும் மருந்து உள்ளே போகாது. இவ்விதம் அடைப்பென்று சொல்லப்பட்ட பெண்களுக்கு ஒரு மாதம் கழித்து மீண்டும் படமெடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோருக்குக் குழாய் திறந்தே இருந்தது. ஒரே படத்தை நம்பிச் சோதனைக்குழாய்ச் சிகிச்சைக்கு நாள் குறிப்பவர்களும், ஒரே படத்தை நம்பி மருமகளைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிடுபவர்களும் இந்தச் செய்தியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவேண்டும்.

படத்தின் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள லாப்ராஸ்கோப்பி இருக்கிறது. தொப்புளருகே சிறு துளையிட்டுக் குழல்-காமிராவை உள்ளே செலுத்திவிட்டு, கருப்பை வழியாக நீலச் சாயத்தை அனுப்பி, அது குழாய் நுனியில் சொட்டுகிறதா என்று கண்ணாலேயே காண்கிறார்கள். மயக்க மருந்தும் ஆபரேஷன் தியேட்டரும் வேண்டியிருப்பதால் இதை எல்லோருக்கும் எடுத்த எடுப்பில் செய்வதில்லை. ஆனால் எக்ஸ்ரே படம் காட்டாத ஒட்டுதல்களையும், எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோயின் திட்டுக்களையும், காசநோயின் சிறு மணிகளையும் இது காட்டிவிடும். கையோடு சிலவற்றைச் சரிசெய்துவிடவும் கூடும்.

எச்.எஸ்.ஜி. பரிசோதனையே சிலருக்குச் சிகிச்சையாகிவிடுவதும் உண்டு. நெதர்லாந்தில் 1,119 பெண்களிடையே நடந்து 2017இல் வெளியான ஆய்வில், எண்ணெய் கலந்த சாய மருந்து செலுத்தப்பட்டவர்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினரும், நீர் கலந்த மருந்து செலுத்தப்பட்டவர்களில் 29 சதவீதத்தினரும் ஆறு மாதத்துக்குள் கர்ப்பமுற்றனர். 'டியூப் டெஸ்ட் எடுத்த மறுமாசமே தள்ளிப்போச்சு' என்று நம் ஊர்ப் பெண்கள் சொல்லிக்கொள்வது முற்றிலும் கட்டுக்கதையன்று.

பெட்டிச் செய்தி: டியூப் டெஸ்டுக்குப் போகுமுன்

• மாதவிடாய் நின்ற பிறகு, முட்டை வெளிப்படுமுன், பொதுவாக மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 7ஆம் நாளுக்கும் 10ஆம் நாளுக்கும் இடையே எடுப்பது வழக்கம்.
• கர்ப்பமாயிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், காய்ச்சல், அடிவயிற்று வலி இருந்தாலோ முதலில் டாக்டரிடம் சொல்லிவிடவேண்டும். கிருமித்தொற்று இருக்கும்போது எடுத்தால் தொற்று மேலே ஏறிவிடும்.
• அயோடின் ஒவ்வாமை, ஆஸ்துமா, தைராய்டு கோளாறு உள்ளவர்கள் முன்னதாகவே தெரிவிக்கவேண்டும்.
• வலி மாத்திரையை ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பயமும் வலியும் குறைந்தால் பொய்யான அடைப்பும் குறையும்.
• ஓரிரு நாள் சிறு உதிரப்போக்கு சகஜம். காய்ச்சலோ, கூடிக்கொண்டே போகும் வலியோ சகஜமன்று.
• எல்லாவற்றுக்கும் முன்னால்: கணவரின் விந்துப் பரிசோதனை முடிந்துவிட்டதா?

மார்பில் புகுந்தது வயிற்றில் வெளிப்படும்

கருக்குழாய் எதனால் அடைபடுகிறது? மேலை நாடுகளின் பாடநூல்கள் முதலிடம் கொடுப்பது கிளமிடியா, கொனோரியா என்னும் பால்வினைக் கிருமிகளுக்கு. இவற்றில் கிளமிடியா பெரும்பாலும் யாதொரு தொந்தரவும் காட்டாமல் மேலேறிக் குழாயை அழித்துவிட்டுப் போகிற கபட சுபாவம் உடையது. ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகரத்தில் நெடுங்காலம் நடந்த ஆய்வொன்று, இடுப்பறைத் தொற்று ஒருமுறை வந்த பெண்களில் 8 சதவீதத்தினருக்கும், இருமுறை வந்தவர்களில் ஏறத்தாழ 20 சதவீதத்தினருக்கும், மும்முறையோ அதற்கு மேலோ வந்தவர்களில் 40 சதவீதத்தினருக்கும் குழாய்க் கோளாற்றால் குழந்தையின்மை உண்டானதைக் கண்டது. தேர்ச்சியில்லாத கைகளில் நடக்கும் கருக்கலைப்பு, டாக்டரைப் பாராமல் மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் கலைப்பு மாத்திரையால் உள்ளே தங்கிவிடும் மிச்சம், பிரசவத்துக்குப் பிந்திய காய்ச்சல், வெடித்துப்போன குடல்வால் ஆகியவையும் குழாயைக் கெடுக்கும்.

ஆனால் இந்தியாவில், இவற்றோடு சமமாக உட்காரவேண்டிய பெயர் இன்னொன்று உண்டு: காசநோய்.

செங்கல்பட்டுக்காரர்களுக்குக் காசநோயைப் புதிதாக அறிமுகம் செய்யவேண்டியதில்லை. இன்று இம்மாவட்டத்தைச் சேர்ந்த தாம்பரத்தில் டாக்டர் சவுரிமுத்து காசநோய் விடுதியைத் தொடங்கியது 1928இல். வீட்டிலிருந்தே மருந்துண்டாலும் காசம் குணமாகும் என்று சென்னைச் சேத்துப்பட்டில் 1950களின் பிற்பகுதியில் நடந்த ஆராய்ச்சி காட்டியபோது, உலகமே தன் சானடோரியங்களை மூட ஆரம்பித்தது. பிறகு 1968இல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதிக் கிராமங்களில், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்களைச் சேர்த்துக்கொண்டு பி.சி.ஜி. தடுப்பூசியின் பெரும் பரிசோதனை தொடங்கியது. 'செங்கல்பட்டுப் பரிசோதனை' என்று உலக வைத்திய நூல்களில் இடம் பெற்றுவிட்ட அந்த முயற்சியின் முடிவு பலருக்கும் கசப்பாகவே இருந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை. குழந்தைகளின் மூளைக்காசம் போன்ற கொடிய வடிவங்களைத் தடுப்பதால் இன்றும் பிறந்தவுடன் போடுகிறோம். அது வேறு விஷயம்.

இதற்கும் கருக்குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். பள்ளிப் பருவத்திலே மார்பில் புகுந்த காசக்கிருமி, இருமலாகக்கூட வெளிப்படாமல், இரத்தத்தின் வழியே சென்று தங்குவதற்கு விரும்பித் தேடும் இடங்களில் ஒன்று கருக்குழாய். பெண்ணுறுப்புக் காசம் வந்த பெண்களில் அநேகமாக எல்லோருக்கும் குழாய் பாதிக்கப்படுகிறது. பாதிப்பேருக்கு அது கருப்பையின் உட்சுவருக்கும் இறங்குகிறது. இருமல் இல்லை, இளைப்பு இல்லை. மாதவிடாய் சற்றே குறைந்திருக்கும், அல்லது அதுவும் ஒழுங்காகவே இருக்கும். கல்யாணமாகி நாலைந்து வருஷம் கழித்து 'விசேஷம் இல்லையா' என்று ஊர் கேட்கும்போதுதான் நோய் தன்னை அறிவித்துக்கொள்கிறது. உலகக் காசநோயாளிகளில் நாலில் ஒருவர் வாழும் இந்த நாட்டில், குழாய் அடைப்பென்று வரும் பெண்ணிடம் வீட்டில் யாருக்கேனும் டி.பி. இருந்ததா என்று கேட்காத டாக்டர் பாதிப் பரிசோதனையைத்தான் செய்திருக்கிறார் என்பது என் அபிப்பிராயம்.

கண்டுபிடிப்பதும் லேசன்று. கருப்பை உட்சுவரிலிருந்து எடுத்த துணுக்கைக் கிருமி வளர்ப்புக்கும், சிபிநாட் என்னும் மரபணுப் பரிசோதனைக்கும், திசுப் பரிசோதனைக்கும் அனுப்பி, லாப்ராஸ்கோப்பியில் கண்டதையும் சேர்த்துவைத்துத் தீர்மானிக்கவேண்டும். ஒரு பி.சி.ஆர். சீட்டை மட்டும் பார்த்துவிட்டு ஆறு மாத மருந்தை எழுதிக் கொடுப்பதும் தவறு. அசட்டையாக விட்டுவிடுவது அதைவிடப் பெருந்தவறு. நோய் உறுதியானால் ஆறு மாத மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். ஊட்டச்சத்துக்கென்று மாதந்தோறும் கொடுக்கப்பட்டுவந்த 500 ரூபாய் 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது.

மருந்து கிருமியைக் கொல்லும், தழும்பை அழிக்காது. முன்னதாகக் கண்டுபிடித்தவர்களில் சிலர் இயல்பாகவே கருவுறுகிறார்கள். காலங்கடந்தவர்களுக்குக் குழாய் மீள்வதில்லை. கருப்பையின் உட்சுவரேனும் தப்பியிருந்தால் சோதனைக்குழாய் முறைக்கு வழியுண்டு. அதுவும் ஒட்டிப்போயிருந்தால் அந்த வழியும் மிகக் குறுகிவிடுகிறது.

சர்க்கார் போட்ட முடிச்சு

இதுவரை சொன்னது நோய் அடைத்த குழாய்களைப் பற்றி. சர்க்காரே அடைத்த குழாய்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் மாமல்லபுரக் கடற்கரையைக் கடந்துபோக முடியாது.

குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னோடியென்று பெயரெடுத்தது நம் மாநிலம். 1950களின் பிற்பகுதியிலேயே சென்னை ராஜ்யம் அறுவைக் கருத்தடையை அரசாங்கத் திட்டமாக நடத்தத் தொடங்கிவிட்டது. அன்று ஆண்களும் செய்துகொண்டார்கள். நெருக்கடிநிலைக் காலத்துக்குப் பிறகு அந்தச் சுமை முழுவதும் பெண்களின் தலையில் இறங்கியது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் மணமான 15 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறத்தாழ 58 சதவீதத்தினர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. இரண்டாவது பிரசவத்தோடு, இருபத்தைந்து வயதுக்குள், 'ஆபரேஷன் முடிச்சுட்டுப் போயிடலாம்' என்று எல்லோரும் சொல்லக் கையெழுத்திட்ட பெண்கள் நம் மீனவர் குப்பங்களில் வீட்டுக்கு வீடு உண்டு.

அப்படியிருக்கையில் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை கடல் உள்ளே வந்தது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 உயிர்கள்; நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேல். மாமல்லபுரம், கல்பாக்கம் கரையில் இழப்பு அதனினும் குறைவே. ஆனால் இழந்தவர்களுக்குக் கணக்கில் என்ன ஆறுதல்? ஓடத் தெரியாத குழந்தைகளும் அதில் ஏராளமாகப் போயின. சில வாரங்களில் நிவாரண முகாம்களுக்கு வந்த டாக்டர்களிடம் தாய்மார் கேட்ட கேள்வி, அரசாங்கத்தின் எந்தப் படிவத்திலும் இல்லாத கேள்வி: "கட்டுன டியூப அவுத்து விட முடியுங்களா?"

அரசாங்கம் அதற்குச் செவி சாய்த்தது. பிள்ளைகளை இழந்து, முன்னமே கருத்தடை செய்துகொண்ட தாய்மாருக்குக் குழாயை மீண்டும் இணைக்கும் ஆபரேஷன் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்யப்படும் என்றும், தனியார் மருத்துவமனையில் செய்துகொள்வோருக்கு 25,000 ரூபாய் வரை உதவி உண்டென்றும் ஆணை பிறந்தது. மறு இணைப்பு என்பது பெருக்கிக் காட்டும் கண்ணாடியின் கீழே, தலைமயிரினும் மெல்லிய இழையால், வெட்டுண்ட இரு முனைகளையும் அடுக்கு அடுக்காகத் தைத்துச் சேர்க்கும் நுண்தொழில். பழைய ஆபரேஷனில் எவ்வளவு நீளம் போயிற்று, வளையமா வெட்டா, மிஞ்சிய குழாய் நாலு சென்டிமீட்டராவது தேறுமா, பெண்ணுக்கு என்ன வயது என்பவற்றைப் பொறுத்தே பலன். சில வீடுகளில் மறுபடியும் தொட்டில் கட்டினார்கள். வயது கடந்திருந்த பல தாய்மாருக்கு ஆபரேஷன் நன்றாக முடிந்தும் மடி நிறையவில்லை.

இன்றும் கூர்ந்து பார்த்தால், குழாயை மூடுவதற்கு ஊருக்கு ஊர் ஏற்பாடும், மூடிக்கொண்டால் கையில் ஊக்கத்தொகையும் உண்டு. திறப்பதற்கும், அடைபட்டது ஏனென்று பார்ப்பதற்கும் அந்த அளவு ஏற்பாடு உண்டா என்று கேட்டால், பதில் சொல்ல அதிகாரிகள் தொண்டையைச் செருமிக்கொள்ள நேரும். சென்னை எழும்பூரில், 1844இல் தோன்றிய அரசு மகப்பேறு மருத்துவமனையில், அரசின் கருத்தரிப்பு மையம் ஏற்பட்டிருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் வேடந்தாங்கலிலிருந்து எழும்பூருக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். இச்சிகிச்சைக்கோ ஒரே மாதத்தில் பலமுறை போய்வரவேண்டும். நாட்கூலிக்குப் போகும் பெண் அத்தனை நாளும் கூலியை இழக்கவேண்டும்.

எந்த அடைப்புக்கு எந்த வழி?

கருப்பையை ஒட்டிய தொடக்கத்தில் மட்டும் அடைப்பாயின், மெல்லிய கம்பியையும் குழலையும் கருப்பை வழியாகவே செலுத்தித் திறந்துவிட முயலலாம். வயிற்றைக் கிழிக்கவேண்டியதில்லை. பெரும்பாலோருக்குத் திறக்கிறது, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மீண்டும் அடைத்துக்கொள்கிறது. வயது குறைந்தவர்களும், கணவரின் விந்தணுவில் குறையில்லாதவர்களும் இதைச் செய்துகொண்டு சில மாதங்கள் காத்திருப்பதில் தவறில்லை.

நுனியில் அடைப்பாயின் கதை வேறு. ஒட்டுதல் சொற்பமாயிருந்து உட்தோல் நன்றாயிருந்தால் லாப்ராஸ்கோப்பி வழியாக நுனியைப் பிரித்து மலர்த்திவிடலாம். ஆனால் குழாய் நீர்கோத்து உப்பிப்போயிருந்தால், திறந்து வைத்தாலும் அது பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்புகிறது. அதோடு நில்லாமல், அந்தத் தேங்கிய நீர் கருப்பைக்குள் கசிந்து, சோதனைக்குழாய் முறையில் வைக்கும் கருவையும் தங்கவிடாமல் செய்கிறது. வெற்றி வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. அதனால்தான் அத்தகைய குழாயை முதலில் நீக்கிவிடவோ, கருப்பை அருகே கட்டிவிடவோ டாக்டர்கள் சொல்கிறார்கள். 'குழந்தை வேணும்னு போனா, இருக்கற டியூபையும் எடுக்கணுங்கறாங்களே' என்று திகைத்து ஓடிவந்துவிடும் குடும்பங்கள் உண்டு. காரணத்தைப் பொறுமையாக விளக்காத டாக்டர்மீதும் அதில் குற்றம் உண்டு.

குழாய் இரண்டும் பயனற்றவை என்றான பிறகு எஞ்சுவது குழாயைத் தவிர்த்துவிடும் வழி. அந்த வழியே இதற்காகத்தான் பிறந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1978 ஜூலை 25ஆம் நாள் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பெற்றெடுத்த லெஸ்லி பிரவுன், குழாய் அடைப்பால் ஒன்பது ஆண்டுகள் குழந்தையின்றி இருந்தவர். அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாள் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் இதே முறையில் பிறப்பித்த 'துர்கா' என்னும் குழந்தையின் தாய்க்கும் குழாய்க் கோளாறுதான். இங்கிலாந்துக் குழந்தையை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் எட்வர்ட்ஸுக்கு 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. சுபாஷுக்கோ சொந்த நாட்டு விசாரணைக் குழுவின் ஏளனமே கிடைத்தது. 1981இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990இல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜின் மருத்துவமனையில் பிறந்தது. இப்போது நம் நெடுஞ்சாலைகளின் இருமருங்கிலும் இச்சிகிச்சையின் விளம்பரப் பலகைகள். சிரிக்கும் குழந்தையின் படம் இல்லாத சந்திப்பே இல்லை.

பலகைகள் சொல்லாதது ஒன்றுண்டு. முப்பத்தைந்து வயதுக்குட்பட்ட பெண்ணுக்கே ஒருமுறை சிகிச்சையில் குழந்தை கையில் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான். நாற்பதைக் கடந்தால் அது வெகுவாகச் சரிந்துவிடும். தனியார் மருத்துவமனையில் ஒரு முறைக்கு ஆகும் செலவு லட்சங்களில். சித்தாமூர்ப் பக்கத்தில் அரைக் காணி நிலமும் நகையும் இதில் போன வீடுகளைப் பற்றிக் கேள்விப்படுவது அரிதன்று. 2021ஆம் ஆண்டின் சட்டம் இச்சிகிச்சை மையங்களெல்லாம் பதிவு பெற்றாகவேண்டும் என்று விதித்து, பெண்ணுக்கு வயது வரம்பு 21 முதல் 50 வரை என்றும் வகுத்திருக்கிறது. பணம் கட்டுமுன் பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்ப்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

குழாய் அடைப்பை நீக்கும் லேகியம், எண்ணெய்த் தடவல், யூடியூப் கஷாயம் ஆகியவை பற்றியும் கேட்கிறார்கள். தழும்பேறிய குழாயை இவற்றுள் எதுவும் திறந்ததாக நிரூபணமில்லை. கோயிலில் தொட்டில் கட்டுவதை நான் குறை சொல்லமாட்டேன். அது மனத்துக்கு ஒரு பற்றுக்கோடு, ஒரு நாளில் முடிந்தும்போகிறது. லேகியமோ ஒரு மண்டலம், இரு மண்டலம் என்று ஆண்டையே தின்றுவிடுகிறது. பெண்ணின் முட்டைகள் அதற்காகக் காத்திருப்பதில்லை.

பெட்டிச் செய்தி: இந்த வலியை அலட்சியம் செய்யாதீர்கள்

குழாயில் தழும்பு உள்ளவர்களுக்கும், குழாய் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும், கரு குழாயிலேயே தங்கிவிடும் அபாயம் அதிகம். மாதவிடாய் தள்ளிப்போன சந்தோஷத்தில் இதை மறந்துவிடலாகாது. அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வலி, சிறு உதிரப்போக்கு, தோள்பட்டையில் காரணமில்லாத வலி, தலைசுற்றி மயக்கம் ஆகியவை குழாய் வெடிக்கப்போகிறது அல்லது வெடித்துவிட்டது என்பதன் அடையாளங்கள். உடனே 108-ஐ அழைக்கவேண்டும். கர்ப்பம் உறுதியானதும், ஆறாவது வாரத்திலேயே ஸ்கேன் எடுத்து, கரு கருப்பைக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். முன்னதாகத் தெரிந்தால் பலருக்கு ஊசி மருந்திலேயே குணமாகும்.

தொலைநோக்கிக்குப் பின்னால் ஒளிந்தவர்

இத்தனை பரிசோதனையும் சிகிச்சையும் பெண்ணின் உடம்பில். குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆணின் குறையும் கலந்திருக்கிறது என்பது வைத்திய உலகம் நெடுநாளாக அறிந்த உண்மை. ஆயினும் நடைமுறை என்ன? மனைவிக்கு ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, டியூப் டெஸ்ட், சில வீடுகளில் லாப்ராஸ்கோப்பிகூட முடிந்துபோயிருக்கும்; கணவர் அதுவரை ஒரு சிறு சீசாவில் விந்தைக் கொடுத்துப் பரிசோதிக்கச் சம்மதித்திருக்கமாட்டார். 'நமக்கென்ன குறை' என்ற ஆண்மைச் செருக்கு, சில நூறு ரூபாயில், வலியின்றி, ஒரே காலையில் முடியும் பரிசோதனையைத் தள்ளிப்போட்டு, மயக்க மருந்தின் அபாயத்தையும் வயிற்றுத் தழும்பையும் மனைவிக்குக் கொடுத்துவிடுகிறது. விந்தணு மிகக் குறைவென்றால் அந்தப் பெண்ணின் குழாய் திறந்திருந்தும் பயனென்ன? அதற்கு வேறு சிகிச்சை அல்லவா முதலில் வேண்டும்?

வெள்ளைப்படுதலுக்கு மருந்து எழுதும்போதும் இதே கதைதான். பால்வினைத் தொற்றுக்கு மனைவி மட்டும் மாத்திரை விழுங்கினால், கணவரிடமிருந்து அது திரும்ப வருகிறது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை. லுண்ட் நகரத்து 8, 20, 40 என்ற எண்களை வாசகர்கள் நினைவில் கொண்டால் போதும்.

குழாய் அடைப்பால் விளைந்த துயரங்களில், நோயால் வந்த பாகத்தைவிடத் தாமதத்தால் வந்த பாகமே பெரிதென்று எனக்குத் தோன்றுகிறது. முதல் இரண்டு வருஷம் 'தானாய்த் தங்கும்' என்ற சமாதானம். அடுத்த இரண்டு வருஷம் கோயிலும் லேகியமும். பிறகு ஒரு படம், அந்தப் படத்தின் மேல் அழுகை. இடையிலே கணவரின் பிடிவாதம். முடிவில் முப்பத்தெட்டாவது வயதில் லட்ச ரூபாய் வைத்தியம். இருபத்தாறு வயதில் ஆறு மாதக் காசநோய் மருந்தோடோ ஒரு சிறு கம்பியோடோ முடிந்திருக்கக்கூடியவையும் இவற்றுள் உண்டு.

அரசாங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மட்டுமன்றி, மதுராந்தகம் போன்ற தாலுகா மருத்துவமனைகளிலும் வாரத்தில் ஒரு நாளைக் குழந்தையில்லாத தம்பதியருக்கென்று ஒதுக்கி, விந்துப் பரிசோதனை, டியூப் டெஸ்ட், காசநோய்க்கான சிபிநாட் மூன்றையும் ஒரே சீட்டில் இலவசமாகச் செய்துகொடுக்கவேண்டும். குழாயைக் கட்ட வீடுவீடாகச் சென்று அழைத்த அரசுக்கு இது பெரிய காரியமன்று.

தம்பதியருக்குச் சொல்வது இதுதான்: சேர்ந்து வாழ்ந்து ஓராண்டாகியும் கருத்தரிக்காவிட்டால், மனைவிக்கு முப்பத்தைந்து வயது கடந்திருந்தால் ஆறே மாதத்தில், இருவருமாக டாக்டரிடம் போகவேண்டும். முதற்பரிசோதனை கணவருடையதாக இருக்கட்டும்.